மூடும் என்ற நம்பிக்கை

1877இல் வில்லியம் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். பலமுறை பழுதுபார்த்த பழைய கப்பல். பிழைப்பு தேடிப் போகும் குடும்பங்களை ஏற்றி அனுப்ப வேண்டும். சோதித்துப் பார்த்தால் செலவு. எத்தனையோ புயலைத் தாண்டியதுதானே, இத்தனை ஏழைகளையும் கடவுள் கைவிடுவாரா என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, உளமார நம்பியே அனுப்புகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் குற்றவாளி என்கிறார் கிளிஃபோர்ட். பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் குற்றவாளிதான். அப்படி நம்புவதற்கான உரிமையை அவர் சம்பாதிக்கவில்லை.

கல்லூரியில் தத்துவம் நடத்திய காலமெல்லாம் இந்தக் கப்பலைத்தான் சொல்லிவந்தேன். இன்று நடத்தினால் மொட்டைமாடித் தொட்டிக்கடியில் இருக்கும் கேட் வால்வைச் சொல்வேன். நான் மாடியில், வாடகைக் குடும்பம் கீழே. என் குளியலறையில் குழாய் வெடித்தால் நனைவது அவர்கள் கட்டில். வால்வு மூடும் என்று நம்புகிறவள் நான். நம்பிக்கை பொய்த்தால் வாளியும் துணியுமாக ஓடுகிறவர்கள் அவர்கள்.

“அதைத் தொடாதீங்கம்மா, தொட்டா ஒழுக ஆரம்பிச்சுடும்” என்றார் பிளம்பர். அனுபவப் பேச்சுதான். எங்கள் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். திருகாமலே விட்ட வால்வின் அடிப்பள்ளத்தில் உப்பு படிந்து, கதவு முழுதாக இறங்காமல் நிற்கும். முரட்டுத்தனமாகத் திருகினால் ஸ்பிண்டில் கழன்று சும்மா சுற்றும். ஆனால் தொடவே கூடாத வால்வு என்ன வால்வு? குழாயில் அது ஒரு தடித்த இடம், அவ்வளவுதான். பரம்பரை வழக்கத்தைக் கேள்வி கேட்காதே என்கிறவர்கள் குரலிலும் இதே பயம் உண்டு. அந்தப் பேச்சை இங்கே வளர்க்கவில்லை.

வில்லியம் ஜேம்ஸ் 1896இல் கிளிஃபோர்டுக்கு மறுப்பு சொன்னார்: எல்லாவற்றுக்கும் சான்று வரட்டும் என்று காத்திருந்தால் வாழ முடியாது. சரிதான். ஆனால் அவர் சலுகை தந்தது அறிவால் தீர்க்க முடியாத கேள்விகளுக்கு. கடவுள் உண்டா என்பதில் அதை எடுத்துக்கொள்ளலாம். வால்வு விஷயத்தில் அதற்கு இடமே இல்லை. மூடிவிட்டுக் கீழே குழாயைத் திறந்தால் போதும். குழாயில் தங்கிய தண்ணீர் வடிந்த பிறகும் நூல்போல வந்துகொண்டிருந்தால் பதில் கிடைத்துவிட்டது.

என் அம்மா ஏகாதசிதோறும் பட்டினி கிடந்தாள், வீட்டில் அரிசி நிறைய இருந்தபோதும். அரிசி இல்லாத நாளில் சாப்பிடாமல் இருந்ததை அவள் விரதம் என்று சொன்னதில்லை. தேவையே இல்லாத நாளில் மூடிப் பார்ப்பதுதான் விரதம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. சமணர்களின் அஷ்டமி, சதுர்த்தசி உபவாசமும் அப்படித்தான்.

அதற்காகச் சொட்டுகிற வால்வையெல்லாம் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. ஸ்பிண்டிலைச் சுற்றிக் கசிந்தால் கிளாண்ட் நட்டைக் கொஞ்சம் இறுக்கலாம். கேட்கவில்லையென்றால் உள்ளே புதுக் கயிறு சுற்றலாம். பித்தளையில் துத்தநாகம் கரைந்துபோய் உடம்பு செம்புச் சிவப்பாகத் தெரிந்தாலோ, மூடியும் தண்ணீர் நிற்காவிட்டாலோதான் மாற்ற வேண்டும். எங்கள் வால்வை மூடியும் தண்ணீர் நிற்கவில்லை. ‘இன்னும் ஓடுதே’ என்ற பிளம்பருக்கு நான் கப்பல் கதையைச் சொல்லவில்லை. பால் வால்வு வாங்கிவரப் பணம் கொடுத்தேன், இரண்டு பக்கமும் யூனியன் வைக்கச் சொல்லி. அடுத்த முறை குழாயை அறுக்காமல் கழற்றலாம்.

பால் வால்வும் வருடக்கணக்கில் திருப்பாமல் விட்டால் இறுகும். கீழ்வீட்டுப் பையனை மாடிக்குக் கூப்பிட்டு, கைப்பிடி குழாயோடு நீளவாக்கில் இருந்தால் திறப்பு, குறுக்கே நின்றால் அடைப்பு என்று காட்டி, அவன் கையாலேயே மூடச் செய்தேன். நனையப்போகிறவர்களுக்கும் அடைக்கும் உரிமை வேண்டுமல்லவா? மொட்டைமாடிச் சாவி ஒன்றை அவர்களிடமே கொடுத்துவிட்டேன். திருட்டுப் பயம் என்று என் மகன் இன்னும் ஆட்சேபித்துக்கொண்டிருக்கிறான்.