யுரேனஸ்ல உயிர் இருந்தா அதுவும் முருகன் பிள்ளையா?



நம்ம தம்பி ஒருத்தன் கேட்டான்: "அண்ணா, வேற கிரகத்துல உயிர் இருந்தா, அதுக்கும் முருகன்தான் சாமியா?" எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அது சிரிக்கிற கேள்வியா தெரியல.

முதல்ல, அங்க உயிர் இருக்க முடியுமா? யுரேனஸை எடுத்துக்கலாம். நம்ம ஜவ்வாது மலை காவலூருக்கும் அதுக்கும் ஒரு பந்தம் உண்டு. 1977 மார்ச் 10, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை நெருங்கினப்போ, காவலூர் 1 மீட்டர் தொலைநோக்கில நட்சத்திர ஒளி சட்டுன்னு மங்குச்சு. அதே சமயம் விமானத்துல இருந்து பார்த்த அமெரிக்கக் குழுவுக்கும் ஒளி பல தடவை மங்குச்சு. யுரேனஸுக்கு வளையங்கள் இருக்குன்னு உலகத்துக்குத் தெரிஞ்சது அப்படித்தான்.

சூரிய வெளிச்சம் அங்க போய்ச் சேர இரண்டரை மணி நேரத்துக்கு மேல ஆகும். சூரியனை ஒரு சுத்து சுத்த 84 வருஷம். (குன்றத்தூர் முருகன் கோயில் படியும் 84. இதை வெச்சு ஃபார்வர்ட் கிளப்பிடாதீங்க, தற்செயல்தான்!) மேல மேகத்துல கிட்டத்தட்ட மைனஸ் 200 டிகிரி. உள்ள போகப் போக ஆயிரக்கணக்கான டிகிரி சூடு. நடுவுல நமக்குத் தோதான சூடு எங்கயோ இருக்கும், ஆனா கால் ஊன்ற தரையே கிடையாது. வியாழன் மேகத்துல பலூன் மாதிரி மிதக்கிற உயிர்கள் இருக்கலாம்னு கார்ல் சேகனும் சால்பீட்டரும் 1976ல எழுதினாங்க. அழகான கற்பனைதான், எனக்கு நம்பிக்கை கம்மி.

சனியோட நிலா என்சலடஸ் விஷயம் வேற. பனிக்கட்டிக்கு அடியில உப்புக்கடலே இருக்கு. காசினி விண்கலம் அதைக் கண்டுபிடிச்சுது. 2017ல எரிபொருள் தீரப் போறப்போ நாசா என்ன பண்ணுச்சு தெரியுமா? செப்டம்பர் 15 அன்னிக்கு காசினியை சனிக்குள்ள விட்டு எரிச்சுட்டாங்க. சும்மா விட்டா என்சலடஸ்லயோ டைட்டன்லயோ மோதி, நம்ம ஊர்க் கிருமி அங்க பரவிடலாம். இருக்கான்னே தெரியாத ஒரு உயிருக்காக இவ்வளவு ஜாக்கிரதை!

தொல்காப்பியம் புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர்னு சேர்த்துக்குது. கந்தபுராணத்துல சூரன் ஆண்டது 1008 அண்டம். அது விஞ்ஞானம்னு நான் சொல்ல வரல. ஆனா மாமரமா நின்ன சூரனையே பிளந்து, மயிலாவும் சேவலாவும் தன்கிட்ட வெச்சுக்கிட்டவர் நம்ம அப்பன். கும்பிடத் தெரிஞ்சாதான் அருள்னா, கரையான்சாவடி ரோட்டோர வேப்பமரம் என்ன பண்ணும்? அதுக்கு அவர் பேரே தெரியாதே. அதனால தம்பிக்கு என் பதில்: ஆமா, அதுவும் அவர் பிள்ளைதான்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. தினமும் சோப்பு போட்டுக் கை கழுவறப்போ எத்தனையோ கிருமி சாகுது, நாம கவலைப்படறதில்ல. அங்க இருக்கிற கிருமிக்கு மட்டும் என்ன பெருமை? என்னைக் கேட்டா, இங்க கை கழுவினதால ஒரு இனமே அழிஞ்சுடாது. அங்க இருக்கறது நம்மளோட ஒட்டுறவே இல்லாம தனியாப் பிறந்த படைப்பா இருக்கலாம். யாரும் பார்க்கறதுக்கு முன்னாடியே அது முடிஞ்சு போயிடக் கூடாது.

ஆனா இறங்கித் தண்ணி எடுத்துப் பார்க்காம உயிர் இருக்கான்னு உறுதியாச் சொல்லவும் முடியாது. இறங்கினா கெடுத்துடுவோமோன்னு பயம், இறங்கலைன்னா கடைசி வரை தெரியாமலே போகலாம். அடுத்த கிருத்திகைக்கு குன்றத்தூர் படி ஏறுறப்போ யோசிச்சுட்டு வாங்க, பேசுவோம்.

வேலும் மயிலும் துணை.