ஒன்பது இரவுகளில் கேட்ட மன்னிப்பு

அக்காவுக்காக ஒரு பாட்டு எழுதினேன். நான்கு கார்டுகள், நிமிடத்துக்கு 96 தட்டு, பல்லவி வரும்போது எலக்ட்ரிக் கிட்டார் இரைந்துகொண்டு உள்ளே வரும். அப்பா படுக்கையில் கிடந்த இரண்டு வருஷமும் அவரைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, ஊட்டியவள் அக்கா. கருமாதி முடிந்த மறுநாள், கழுவிய பாத்திரங்கள் இன்னும் திண்ணையில் கிடக்கும்போதே நான் கேட்டேன்: "வீட்டை எழுதி வாங்கத்தானே இவ்வளவு நாள் பார்த்துக்கிட்டே?" அவள் ஒன்றும் சொல்லவில்லை. தூத்துக்குடிக்குப் பஸ் ஏறிப் போய்விட்டாள். ஆறு வருஷம் ஆகிறது. நான் கேட்ட அந்தக் கேள்விதான், ஒரு எழுத்தும் மாறாமல், இரண்டாம் சரணத்தின் மூன்றாவது வரி.

பாளையங்கோட்டை வீட்டின் உள்ளறையில் பதிவு செய்தேன். பீரோவைத் திறந்துவைத்து, தொங்கும் சேலைகளைப் பார்த்துப் பாடினால் எதிரொலி அடங்கும். மின்விசிறி ஓடக்கூடாது. தெருநாய்கள் ஓய இரவு பதினொன்று ஆகிவிடும். டிரம்ஸைக் கணினியில் அமைத்தேன். கிட்டாரும் பேஸும் நானே வாசித்தது. குரலுக்கு மட்டும் ஒன்பது இரவுகள், 19 டேக்குகள். அவற்றைத் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, வரிக்கு வரி நல்லதைப் பொறுக்கினேன். முதல் சரணம் மூன்றாம் இரவில் பாடியது, பல்லவி ஏழாம் இரவில். 'தப்பு' என்ற ஒரு சொல் மட்டும் ஜலதோஷம் பிடித்திருந்த இரவிலிருந்து வந்தது; அதில்தான் சுருதி சேர்ந்திருந்தது. வெட்டிய இடங்களில் ஒரு ஒலி அடங்க மற்றது எழும்படி கலந்துவிட்டால் தையல் தெரியாது.

போட்டுக் கேட்டேன். நன்றாகவே இருந்தது. ஆனால் இந்தப் பாட்டை இப்படி முழுதாக எந்த இரவிலும் யாரும் பாடவில்லை. அப்படியானால் அக்காவிடம் மன்னிப்புக் கேட்பது யார்?

இது பழைய வழக்கு. எல்லாம் கணந்தோறும் அழிந்து பிறப்பவை, நிலையாக நிற்கும் ஆன்மா என்று ஒன்றில்லை என்றார்கள் பௌத்தர்கள். அப்படியென்றால் செய்தவன் ஒருவன், அதன் பயனைச் சுமப்பவன் இன்னொருவனா என்று மடக்கினார்கள் சமணர்கள். தமிழில் இந்த வாதத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனவள், 'நீலகேசி' என்ற சமணக் காப்பியத்தின் நாயகி நீலகேசி. அவள் வெறும் தர்க்கக்காரி அல்ல. சமணத் துறவி முனிச்சந்திரரை மிரட்டி விரட்ட வந்த பேய்; அவரிடமே அறம் கேட்டுத் திருந்தியவள். மிரட்ட வந்தவளும் திருந்தியவளும் வேறு வேறு என்றால் அவள் திருந்தியதற்கு என்ன பொருள்? அவளுக்கு அது உயிர்ப் பிரச்சினை. அதனால்தான் அந்தக் காப்பியத்தை நான் திரும்பத் திரும்ப எடுக்கிறேன்.

பௌத்தர் பதிலையும் தள்ளிவிட முடியாது. மிலிந்த மன்னனுக்குப் பௌத்தத் துறவி நாகசேனர் ஒரு மாங்காய்த் திருடனை உவமையாகக் காட்டுகிறார். 'மரத்துக்காரர் நட்டது வேறு மாங்காய், நான் பறித்தது வேறு' என்று அவன் சொன்னால் மன்னன் விட்டுவிடுவானா? ஒன்றிலிருந்துதானே மற்றது வந்தது. ஒன்பது இரவும் ஒரே குற்றத்திலிருந்து முளைத்தவை என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பாட்டைப் பதிவு செய்கிறவர்களிடமும் இந்த வழக்கு உண்டு. பியானோக் கலைஞர் கிளென் கூல்ட் 1964இல் மேடைக் கச்சேரியையே விட்டவர். பாக்கின் ஒரு ஃபியூகில் ஆறாவது டேக்கையும் எட்டாவது டேக்கையும் ஒட்டியபோது, தனித்தனியாக இரண்டும் எட்டாத ஒன்று கிடைத்ததாக 1966இல் எழுதினார். ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் கதை நேர்மாறானது. 1982 ஜனவரியில் நியூ ஜெர்சியில் தன் வீட்டில், நான்கு தடக் கேசட் இயந்திரத்தில், மாதிரிக்கென்று பாடி வைத்தார். பிறகு இசைக்குழுவோடு ஸ்டுடியோவில் அந்தப் பாட்டுகளைப் பாடிப் பார்த்தும் அந்த உயிர் வரவில்லை. கேசட்டில் இருந்ததே 'நெப்ராஸ்கா' ஆல்பமாக வெளிவந்தது.

நான் கூல்ட் பக்கம்தான் நின்றேன், அந்த மூன்றாவது வரிக்குத் திரும்பும் வரை. அதற்கு நான் பொறுக்கியிருந்தது ஐந்தாம் இரவின் டேக். சுத்தமான சுருதி, ஹெட்போனில் தாளம் காட்டும் கிளிக்கோடு ஒட்டிய பாட்டு. அதைப் பாடும்போது என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது: கடைசிச் சொல்லுக்கு மூச்சு போதுமா என்று. அக்கா நினைவிலேயே இல்லை.

மற்ற 18 டேக்குகளையும் அந்த வரிக்காக மட்டும் கேட்டேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே பிழை: கிளிக்குக்கு முன்னால் ஓடியிருந்தேன். சொல்லிவிட்டு ஓடிவிடும் அவசரம். ஒன்பது இரவும் தவறாமல் வந்தவன் அந்த அவசரக்காரன்தான். நீலகேசி கேட்ட ஆள் அவன்தான் போல. தாளம் தப்புகிறதே என்று அவனைத்தான் நான் வெட்டி எறிந்திருந்தேன்.

முதல் இரவின் வரியை எடுத்து அங்கே வைத்தேன். அரைத் தட்டு முந்துகிறது, டிரம்ஸோடு சேரவில்லை. இழுத்துச் சரிசெய்யவில்லை. மற்ற வரிகளின் தையல் அப்படியே இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் அனுப்பப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் தூத்துக்குடி போகிறேன். எதிரில் உட்கார்ந்து ஹெட்போனை அவள் கையில் கொடுப்பேன். கிட்டாரையும் எடுத்துவைத்திருக்கிறேன், இயந்திரத்தில் வேண்டாம், நீயே பாடு என்று அவள் சொல்லலாம்.