நீர் ஊற்றாமல் நிற்கும் கை

மழை ஓய்ந்து பனி இறங்கும் நாட்களில், சிக்கிமின் மலைக்காடுகளில் ஒரு செடி மெல்ல இலை உதிர்க்கத் தொடங்குகிறது. டென்ட்ரோபியம் நோபிலே என்னும் ஆர்க்கிட் அது. அந்த மாநிலத்தின் மலரும் அதுவே. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையில் வளர்ந்து, தடித்த தண்டுகளில் நீரைச் சேமித்துக்கொண்டு, மண்ணைத் தொடாமல், மரக்கிளையைப் பற்றியபடியே அது ஓய்வுக்குள் செல்கிறது. காடு அதை எழுப்புவதில்லை. பனியும் இளவெயிலும் மட்டும் வந்து போகின்றன.

அதே செடி நம் வீட்டுத் தொட்டிக்கு வந்தபின், அதன் அமைதியை நம் மனம் தாங்குவதில்லை. இலை மஞ்சளானால் கலங்குகிறோம். தண்டில் சுருக்கம் விழுந்தால் கலங்குகிறோம். கை தானாகவே தண்ணீரைத் தேடுகிறது. அந்தக் கணத்தில் சற்றே நின்று பார்ப்போம். தாகம் யாருக்கு? செடிக்கா, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கா?

அதன் வேரைப் பாருங்கள். வெலமென் என்னும் உறை அதைச் சுற்றியிருக்கிறது. உயிரற்ற செல்களால் ஆன மென்மையான உறை அது. நனைந்தால் உள்ளிருக்கும் பச்சை தெரியும். காய்ந்தால் வெள்ளியாய் வெளுக்கும். வெளுத்த வேரைக் கண்டதும் நாம் துயரம் என்று எண்ணிவிடுகிறோம். ஓய்வுக் காலத்தில் அது துயரமில்லை. அப்போது அந்த வேர் இருக்க வேண்டிய விதம் அதுதான்.

இந்நாட்களில் நோபிலேவுக்கு உரம் வேண்டாம். குறிப்பாகத் தழைச்சத்து வேண்டாம். நல்ல வெளிச்சம் வேண்டும். 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரையிலான இரவுக் குளிர் வேண்டும். தண்டு மிகவும் சுருங்கிவிட்டால் சிறிது நீர் தெளிக்கலாம், அவ்வளவே.

பொறுக்காமல் நீரும் உரமும் கொடுத்தால் செடி இறந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அது வேறொன்று செய்யும். கணுக்களில் மொட்டாக வரவேண்டியது குட்டிச்செடியாக முளைத்துவிடும். பசுமையாய், துடிப்பாய், வேரும் இலையுமாய் நிற்கும். பூ மட்டும் வராது. இதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது. நாம் நேசிப்பவர்களின் மௌனத்தையும் இப்படித்தானே கலைத்துவிடுகிறோம்? ஏன் பேசவில்லை, ஏன் சிரிக்கவில்லை என்று கேட்டுக் கேட்டு, அவர்களுக்குள் மெல்ல உருவாகிக்கொண்டிருந்த ஒன்றை வேறொன்றாக்கிவிடுகிறோம். கொடுக்கும் ஆசையும் ஆசைதான். நல்ல ஆசை என்பதாலேயே அதை அடையாளம் காண்பது கடினமாகிறது. அடையாளம் கண்டுவிட்டால், அது தானே அடங்கும். எழுந்த கை தானே தாழும்.

ஆனால் கையைத் தாழ்த்துவது கைவிடுவது ஆகாது. எல்லா ஆர்க்கிடும் இப்படி உறங்குவதில்லை. கடைகளில் அதிகம் காணும் ஃபலனாப்சிஸுக்கு நீர் சேமிக்கும் தண்டு இல்லை. அதை வாரக்கணக்கில் காயவிட்டால் வாடிவிடும். கட்டாசீட்டமோ இலையெல்லாம் உதிர்த்தபின் கிட்டத்தட்ட நீரே கேட்காது. புதுத்தளிர் வேர்விட்டு நன்றாக நீளும்வரை காத்திருக்க வேண்டும். ஒன்றுக்கு ஓய்வாக இருப்பது இன்னொன்றுக்குப் பட்டினி. ஆகவே நீர் ஊற்றாத நாட்களிலும் செடியின் அருகே செல்வோம். பார்ப்போம், தொட்டுப் பார்ப்போம், ஒன்றும் செய்யாமல் திரும்புவோம். கவனம் மட்டும் இருந்து, செயல் இல்லாத அந்தச் சில நிமிடங்களில் மனமும் தன் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதற்கென்று தனியே முயல வேண்டியதில்லை.

குளிர்காலம் முடியும் தறுவாயில், இலையற்ற தண்டின் கணுக்களில் சிறு புடைப்புகள் தோன்றும். அப்போதும் அவசரம் வேண்டாம். மொட்டா, குட்டிச்செடியா என்று முதலில் தெரியாது. உருண்டு திரண்டு, மொட்டுதான் என்று ஐயமில்லாமல் தெரிந்த பிறகு நீரைத் தொடங்கலாம். முதலில் கொஞ்சமாக, பிறகு வேர்களின் பச்சை பார்த்துப் பார்த்து.