34-க்கு 34

கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்துக் காரவள்ளிக்கு முன்னால் சமவெளி, பின்னால் ஏற்றம். ஒரே சைக்கிளில் இரண்டையும் கடக்க நினைப்பவர் முதலில் பற்களை எண்ண வேண்டும்.

*

முன்பக்கப் பல்சக்கரத்தின் பற்களைப் பின்பக்கப் பற்களால் வகுத்தால், பெடல் ஒருமுறை சுற்றும்போது பின்சக்கரம் எத்தனை சுற்று போகும் என்பது தெரியும். 50-க்கு 11 என்றால் நாலரைச் சுற்று. சைக்கிள் ஒன்பதரை மீட்டர் நகரும். 34-க்கு 34 என்றால் ஒரே சுற்று. இரண்டு மீட்டர் சொச்சம்.

*

எந்தக் கியரும் மலையைக் குள்ளமாக்குவதில்லை. உழைப்பைச் சிறு சிறு பங்காகப் பிரித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். 10 சதவீத ஏற்றத்தில், மணிக்கு 8 கி.மீ. வேகத்தில், 39-க்கு 25 வைத்திருப்பவர் நிமிடத்துக்குச் சுமார் 41 சுற்று மிதிப்பார். 34-க்கு 34 வைத்திருப்பவர் 63. எடை ஒன்றானால் இருவரும் செலவிடும் சக்தியும் ஒன்றே. ஆனால் முன்னவரின் ஒவ்வொரு மிதியிலும் ஒன்றரை மடங்கு அழுத்தம். மறுநாள் படி இறங்கும்போது முழங்கால் அதைச் சொல்லும்.

*

டூர் டி பிரான்ஸ் 1911-லேயே கலிபியே கணவாயில் ஏறிவிட்டது. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் டெரெயிலர் கியருக்கு அனுமதி கிடைத்ததோ 1937-ல். அதுவரை வீரர்கள் ஏற்றம் தொடங்குமிடத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபுறமிருந்த பெரிய பல்சக்கரத்துக்குத் திருப்பி மாட்டினார்கள். கியரை நாடுவது பலவீனம் என்ற எண்ணம் அந்தக் காலத்துடையது. குழுவாகப் போகும்போது கடைசிக் கியருக்கு இறங்கக் கூச்சப்படுகிறவர்களிடம் அது இன்னும் மிச்சமிருக்கிறது.

*

மலைக்காக 34 பல் வைத்தால் சமதளத்தில் எதை இழப்போம்? ஷிமானோவின் 11 கியர் கேசட்டுகளில் (பின்பக்கப் பல்சக்கரத் தொகுதிகளில்) 11-28, 11-34 இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 15, 17, 19, 21, 23, 25 இரண்டிலும் உண்டு. இல்லாமல் போவது 12-ம் 14-ம். முன்னால் 50, பின்னால் 15 வைத்து நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தாலே மணிக்கு 38 கி.மீ. வந்துவிடும். தனியாக, எதிர்க்காற்றில் போகிற நமக்கு அதற்கு மேல் எத்தனை நாள் தேவைப்படும்?

*

கேசட்டை மட்டும் மாற்றினால் வேலை முடியாது. தளரும் செயினை இழுத்துப் பிடிப்பது டெரெயிலரின் கை. முன்னால் 50-லிருந்து 34, வித்தியாசம் 16, பின்னால் 34-லிருந்து 11, வித்தியாசம் 23, மொத்தம் 39. ஷிமானோ 105 ஆர்7000 வரிசையில் குட்டைக் கை 35 வரைதான் தாங்கும். 39-க்கு நீளக் கை வேண்டும். செயினும் நீள வேண்டும். மலை சைக்கிளின் டெரெயிலரை வாங்கி மாட்டலாம் என்றால், சாலை சைக்கிளின் லீவர் ஒரு க்ளிக்குக்கு இழுக்கும் கேபிள் அளவு அதற்குப் பொருந்தாது. ஒரு பல்லைக் கூட்டுமுன் எல்லா உறுப்புகளையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

*

கடையில் நிற்கும்போது கால்கள் புதிதாக இருக்கும். அந்த நேரத்துத் தைரியத்தை நம்பிக் கியர் வாங்காதீர்கள். உங்கள் வழியிலுள்ள மிகச் செங்குத்தான ஒரு கிலோமீட்டரை, மிகக் களைத்த நேரத்தில் ஏறுவதாக வைத்துக்கொண்டு, கடைசிப் பல்சக்கரத்தை முதலில் தேர்ந்தெடுங்கள். சமதளத்தை மற்றப் பற்கள் பார்த்துக்கொள்ளும்.