லாபம் எடுக்காத முதலாளி



முதலாளி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பேசிய சம்பளத்தை வாரந்தோறும் தவறாமல் கொடுக்கிறார். குடியிருக்க வீடு கொடுக்கிறார். தொழிலில் வரும் பணத்திலிருந்து தமக்கென்று சம்பளமாக ஒரு காசும் எடுப்பதில்லை. இப்படிப்பட்டவரை அநீதி செய்கிறவர் என்று யாராவது சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? அநீதிக்கு வேர் பேராசைதான் என்று எண்ணிப் பழகிய நமக்கு, பேராசை இல்லாத இடத்தில் அநீதியைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. ஆயினும் அப்படியொரு சங்கதி இங்கிலாந்து தேசத்தில் எழுபது வருஷகாலம் நடந்தது. நடந்த இடம் ஆலையுமல்ல, சுரங்கமுமல்ல, கால்பந்து மைதானம்.

விளையாட்டுக்காரர் சச்சரவுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று தகப்பனார்கள் சிலர் கேட்கக்கூடும். வீட்டுப் பையன்கள் கேட்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் தொடருகிறேன்.

ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்கலாம் என்று அங்கே 1885-ம் வருஷம் அனுமதி கிடைத்தது. 1888-ல் 12 கிளப்புகள் ஒன்றுசேர்ந்து லீக் என்னும் கூட்டமைப்பை ஏற்படுத்தின. 1893-ல் ஒரு விதி வந்தது. ஓர் ஆட்டக்காரர் எந்தக் கிளப்பில் பெயரைப் பதிகிறாரோ, அந்தக் கிளப்பின் சம்மதமில்லாமல் லீகிலுள்ள வேறெந்தக் கிளப்பிலும் அவர் ஆடக்கூடாது. ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்குத்தான். பதிவோ கிளப் மனமிரங்கி விடுகிற வரையில். ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் கிளப் இரண்டு ஜாபிதா தயாரிக்கும். யாரை வைத்துக்கொள்வது என்பது ஒன்று, யாரை விற்பது என்பது மற்றொன்று. வைத்துக்கொள்ளும் ஜாபிதாவில் பெயர் இருக்கிறது, ஆனால் கிளப் சொல்லும் சம்பளம் பிடிக்கவில்லை. அப்போது என்ன செய்வது? கையெழுத்துப் போடாமல் இருந்துவிடலாம். இருந்துவிட்டால் இந்தக் கிளப் சம்பளம் தராது. மற்றக் கிளப்புகளோ சேர்த்துக்கொள்ள முடியாது. விற்கும் ஜாபிதாவில் பெயர் இருந்து, எவரும் கொடுக்கத் துணியாத விலையைக் கிளப் போட்டுவிட்டாலும் அதே கதிதான். நாலு பக்கமும் வேலியை அடைத்துவிட்டு, "உன்னை யார் கட்டிப்போட்டார்கள்?" என்று மாட்டைப் பார்த்துக் கேட்பதுபோல் இருந்தது அந்த ஏற்பாடு.

இதற்குமேல் 1901-ல் இன்னொரு கட்டும் விழுந்தது. எவ்வளவு பெரிய ஆட்டக்காரரானாலும் வாரத்துக்கு 4 பவுனுக்குமேல் சம்பளம் கொடுக்கக்கூடாது. இந்த உச்சவரம்பு காலப்போக்கில் கொஞ்சங்கொஞ்சமாக உயர்ந்து, 1958-ல் ஆட்டப் பருவத்தில் 20 பவுனும் கோடையில் 17 பவுனுமாக நின்றது. பலர் குடியிருந்த வீடு கிளப்பின் சொந்தம். கிளப்பைவிட்டு வெளியேறினால் மனைவி மக்களோடு வீட்டையும் காலிசெய்ய வேண்டும்.

கிளப் நிர்வாகிகளின் வாதத்தையும் கேட்போம், கேட்கத்தக்கதுதான். வரம்பை எடுத்துவிட்டால் லண்டன், மான்செஸ்டர் போன்ற பெரிய பட்டணத்துக் கிளப்புகள் நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் பணத்தைக் கொட்டி வாரிக்கொண்டு போய்விடும். சிற்றூர்க் கிளப்புகள் செத்துப்போகும் என்றார்கள். இது வெறும் சாக்கல்ல. 1960-ல் இங்கிலாந்தின் முதலிடத்தைப் பிடித்தது பர்ன்லி. பருத்தி ஆலைகள் நிறைந்த அந்த ஊரின் ஜனத்தொகை சுமார் 80,000. அதன் தலைவர் கசாப்புக்கடை வைத்து முன்னுக்கு வந்தவர். மேலும், கிளப் நிர்வாகிகள் தங்கள் பதவிக்குச் சம்பளம் வாங்கக்கூடாது என்றும், 100 பவுன் பங்குக்கு வருஷத்தில் ஏழரைப் பவுனுக்குமேல் லாபம் பிரிக்கக்கூடாது என்றும் நெடுங்காலம் விதி இருந்தது. ஆக, ஆட்டக்காரன் வயிற்றிலடித்துத் தங்கள் பெட்டியை நிரப்பினார்கள் என்று இவர்கள்மேல் குற்றஞ்சாட்டினால் அது பொய்யாகும். பெரும்பாலோர் தங்கள் ஊரை நேசித்தார்கள். ஊரின் கிளப்பைத் தங்கள் கைக்காசு போட்டும் காப்பாற்றினார்கள்.

அப்படியானால் குற்றம் எங்கே?

டாம் பின்னி என்பவரின் கதையைப் பாருங்கள். பிரெஸ்டன் ஊர்க்காரர், குழாய் வேலை கற்றவர், அக்காலத்தில் இங்கிலாந்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். 1952-ல் இத்தாலி தேசத்துப் பலெர்மோ கிளப் இவரை அழைத்தது. கையெழுத்துப் போட்டால் 10,000 பவுன். வீட்டில் அவர் வாங்கிக்கொண்டிருந்ததோ வாரத்துக்கு 14 பவுன். கிளப் தலைவர் ஒரே பேச்சில் மறுத்துவிட்டார்; பின்னியும் குழாய் வேலையைத் துணைத் தொழிலாக வைத்துக்கொண்டு கடைசிவரை பிரெஸ்டனிலேயே ஆடினார். ஊருக்காக இவர் செய்த தியாகம் என்று இதைப் புகழ்ந்தவர்கள் உண்டு. தியாகம் என்பது தானாக மனமொப்பிக் கொடுப்பதல்லவா? ஊர்ப்பற்று பெரியதுதான், அந்தப் பற்றுக்கு ஆன செலவை நிர்வாகிகள் கொடுத்தார்களா, ஜனங்கள் கொடுத்தார்களா? 1948-49 பருவத்தில் மட்டும் லீக் ஆட்டங்களுக்கு 4 கோடியே 12 லட்சத்துக்கு மேற்பட்ட நுழைவுச் சீட்டுகள் விற்றன. அந்த வருஷம் உச்சச் சம்பளம் 12 பவுன். சிற்றூரைக் காப்பது நல்ல காரியமானால், அதன் பாரத்தைப் பெரிய கிளப்பும் சிறிய கிளப்பும் வசூலில் பங்குபோட்டுத் தாங்கியிருக்கலாம். பார்வையாளரான நாமும் தாங்கலாம். ஒருவனைமட்டும் தேர்ந்து, அவனைக் கேட்காமலே அவன் தோள்மேல் ஏற்றிவிட்டு, "எல்லாம் பொதுநன்மைக்காக" என்று சொல்வது எளிது. நம் குடும்பங்களிலும் சகோதரிகளில் ஒருத்தியின் தலையில் இப்படிப் பாரத்தை ஏற்றிவிட்டு, அவளைப் பொறுமைசாலி என்று புகழுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள்.

"அவன்தான் கையெழுத்துப் போட்டானே, பலவந்தம் ஏது?" என்பர் சிலர். அந்த விதி பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னதாக, 1891-ல், 13-ம் சிங்கராயர் பாப்பரசர் தொழிலாளரைப் பற்றி எழுதிய நிருபத்தில் இந்தக் கேள்வியை எடுத்து ஆராய்ந்திருக்கிறார். வேறு வழியில்லாமலோ, இதைவிடக் கேடு வருமென்று அஞ்சியோ கடின நிபந்தனைக்கு இசைகிறவன், பலவந்தத்துக்கு ஆளானவனே என்பது அவர் போதனை. பசி மட்டுமே பலவந்தமல்ல. எந்தக் கதவைத் தட்டினாலும் ஒரே ஆள் வந்து திறப்பதும் பலவந்தமே. 1950-க்குப் பின் லீகில் 92 கிளப்புகள் இருந்தன. பெயருக்கு 92 முதலாளிகள், நடைமுறையில் ஒருவர்.

ஆட்டக்காரர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1907-ல் பில்லி மெரடித் முதலானோர் மான்செஸ்டரில் சங்கம் அமைத்தார்கள். 1909-ல், சங்கத்தைவிட்டு விலகாதவனுக்கு ஆட இடமில்லை என்று மேலிடம் உத்தரவு போட்டது. அந்த வருஷம்தான் கோப்பை வென்றிருந்த மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள் விலக மறுத்து நின்றதால் சங்கம் பிழைத்தது. ஆனால் 1912-ல் ஹெர்பர்ட் கிங்கபி என்பவர், ஆஸ்டன் வில்லா தம்மைப் பிடித்துவைத்திருந்தது அநியாயம் என்று வழக்காடித் தோற்றார். செலவு சங்கத்தின்மேல் விழுந்து, அது திவாலாகும் நிலைக்கு வந்தது. அதன்பின் அரை நூற்றாண்டு எவரும் நியாயஸ்தலத்தின் படி ஏறவில்லை.

1957-ல் சங்கத்தின் தலைமை ஜிம்மி ஹில் என்ற ஆட்டக்காரரிடம் வந்தது. பேச்சுவார்த்தை பயனளிக்காமல் 1961 ஜனவரி 21-ம் தேதி, சனிக்கிழமையன்று, வேலைநிறுத்தம் என்று முடிவாயிற்று. அதற்கு முன் நடந்த கூட்டங்களில் ஒன்றில், சுரங்கத் தொழிலாளியின் மகனான ஒரு வாலிபன் எழுந்து, தன் தகப்பனார் பூமிக்கடியில் பாடுபட்டுச் சம்பாதிப்பது நம்மைவிடக் குறைவாயிருக்க, நாம் அதிகம் கேட்பது முறையா என்றானாம். உடனே போல்ட்டன் கிளப்பின் டாமி பாங்ஸ் எழுந்தார். அவரும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்தான். உன் தகப்பனார் வேலையை நான் செய்வேன்; ஆனால் முப்பதாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க, இதோ உட்கார்ந்திருக்கும் ஸ்டான்லி மாத்யூஸை அவர் தடுத்து நிறுத்தட்டும் பார்க்கலாம் என்கிற கருத்தில் பதில் சொன்னார். கூட்டம் சிரித்தது, தீர்மானமும் நிறைவேறியது.

பதில் சாமர்த்தியமானது. ஆனால் அந்தப் பையனின் மனச்சாட்சிக்கு அது போதுமான பதில் என்று நான் நினைக்கவில்லை. திறமை அரிது, ஆகவே கூலி அதிகம் என்பது சந்தைக்கணக்கு. சுரங்கத்தில் உழைக்கும் தகப்பனைப் பார்த்து வெட்கப்பட்ட மகன் கேட்டது சந்தைக்கணக்கையல்ல. அவனுக்குச் சொல்லவேண்டிய பதில் வேறு: தம்பி, உன் தகப்பனார் கூலி குறைவுதான், ஆனால் இந்தச் சுரங்கம் பிடிக்கவில்லையென்றால் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு அடுத்த சுரங்கத்துக்குப் போக அவரால் முடியும். உன்னால் முடியுமா?

இந்த வித்தியாசத்தை நிர்வாகிகள் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள் என்பதற்கு அடுத்து நடந்ததே சாட்சி. வேலைநிறுத்தத்துக்கு மூன்று நாள் முன்பாக, ஜனவரி 18-ம் தேதி, சமரசம் ஏற்பட்டது. உச்சவரம்பு ஒழிந்தது. ஃபுல்ஹாம் கிளப்பின் ஜானி ஹேன்ஸுக்கு வாரத்துக்கு 100 பவுன் என்றார் அக்கிளப்பின் தலைவர் டாமி டிரிண்டர். அவர் ஜனங்களைச் சிரிக்கவைக்கும் தொழிலில் பேர்பெற்ற நடிகர், ஆனால் இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பத்திரிகைகளெல்லாம் இந்த நூறு பவுனையே எழுதின. அந்தச் சந்தடியில், ஆளைப் பிடித்துவைக்கும் விதியைத் தளர்த்துவதாகப் பேசிய பேச்சை லீக் கிளப்புகள் பிற்பாடு ஏற்க மறுத்துவிட்டன. பணத்தை விட்டுக்கொடுத்தார்கள், பிடியை விடவில்லை. ஐந்து மடங்கு சம்பளம் கொடுப்பதைவிட, "போய்வா" என்று சொல்வது அவர்களுக்குக் கடினமாயிருந்தது.

மூன்றாம், நான்காம் டிவிஷன்களில் ஆடியவர்களில் அநேகர் அந்த 20 பவுனைக்கூட எட்டியதில்லை. வரம்பு ஒழிந்ததால் அவர்களுக்குக் கிடைத்த லாபம் சொற்பம். ஆனாலும் பிரபல ஆட்டக்காரர்களோடு நின்றார்கள். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இதைப் பற்றி அதிகம் எழுதியவர்கள் இல்லை.

பிடியைத் தளர்த்தியவர் ஜார்ஜ் ஈஸ்டம். நியூகாஸில் யுனைடெட் ஆட்டக்காரர். கிளப் கொடுத்த வீட்டைப் பற்றியும், துணை வேலையைப் பற்றியும் மனத்தாங்கல். 1960-ல் ஒப்பந்தம் முடிந்ததும் மாற்றிவிடக் கேட்டார், கிளப் மறுத்தது. கையெழுத்துப் போடாமல் தென்னாட்டுக்குப் போய்த் தக்கை விற்கும் கம்பெனியில் வேலைக்கமர்ந்தார். இங்கிலாந்தின் நல்ல ஆட்டக்காரர்களில் ஒருவர், ஒப்பந்தம் எதுவும் இல்லாதவர், பந்தைத் தொட முடியாமல் தக்கை விற்றுக்கொண்டிருந்தார். சில மாதங்களுக்குப்பின் கிளப் மனமிரங்கி, 47,500 பவுனுக்கு அவரை ஆர்ஸனலுக்கு விற்றது. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, வழக்கைக் கைவிட்டிருக்கலாம். சங்கத்தின் துணையோடு தொடர்ந்து நடத்தினார்.

1963 ஜூலையில் தீர்ப்புச் சொன்ன நீதிபதியின் பெயர் வில்பர்போர்ஸ். அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாடுபட்ட வில்பர்போர்ஸின் வம்சத்தவர். ஆட்டக்காரர்கள் தங்கள் ஒப்பந்தத்தை அடிமைச் சீட்டு என்று சொல்வதுண்டு. அது மிகையான பேச்சு. சவுக்கடி பட்டவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். நீதிபதியும் அந்த வார்த்தையில் மயங்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தபின்னும் ஆளைப் பிடித்துவைத்து, கூடவே விலையும் கேட்கும் ஏற்பாடு, ஒருவன் தன் தொழிலைச் செய்து பிழைப்பதற்கு நியாயமற்ற தடை என்றார். கிளப்புகள் எல்லாம் ஒருமுகமாக இதை ஆதரிக்கின்றனவே என்ற வாதம் அவரிடம் எடுபடவில்லை. முதலாளிகள் எல்லோரும் ஒற்றுமையாயிருப்பது அவர்கள் ஏற்பாடு நியாயமானது என்பதற்கு அத்தாட்சி அல்லவே!

ஆயினும் மாற்றும்போது விலை கேட்கும் வழக்கம் நீடித்தது. பெல்ஜியம் தேசத்தில் ழான்-மார்க் போஸ்மான் என்பவருக்கு 1990-ல் ஒப்பந்தம் முடிந்தது. லியேஜ் கிளப் பழைய சம்பளத்தில் கால் பங்குக்கு இருக்கச் சொன்னது. பிரான்ஸின் டன்கெர்க் கிளப்புக்குப் போகவும் வழிவிடவில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15-ம் தேதி அவர் பக்கம் தீர்த்தது. ஒப்பந்தம் முடிந்தவன் விலையில்லாமல் போகலாம் என்றாயிற்று. இதனால் கோடிகள் சம்பாதித்தவர்கள் பலர். போஸ்மானின் ஆட்டக்காலமோ வழக்கிலேயே கழிந்துபோயிற்று.

இன்று அந்தக் கோடிகளைக் கண்டு முகஞ்சுளிக்கிறோம். அதில் தவறில்லை. கிளப்புகள் கோடீசுவரர் கைக்குப் போனதையும், பர்ன்லி போன்ற ஊர் மறுபடி முதலிடம் பெறுவது கனவாகிவிட்டதையும் கண்டு, பழைய நிர்வாகிகள் பயந்தது சரிதானே என்று நீங்கள் கேட்டால், பாதி சரி என்றே சொல்வேன். சிறுவனைப் பத்து வயதில் சேர்த்து, பழக்கி, ஆளாக்கிய சிறு கிளப்புக்கு ஒன்றும் சேரவேண்டாமா? சேரவேண்டும். ஆனால் அதைக் கொடுப்பதற்கு ஆளைப் பிடித்துவைக்க வேண்டியதில்லை. சர்வதேசக் கால்பந்துச் சங்கம் 2001-ல் ஒரு விதி ஏற்படுத்தியது. ஒப்பந்தம் நடப்பிலிருக்கும்போதே ஓர் ஆட்டக்காரர் ஒரு தேசத்திலிருந்து வேறு தேசத்துக் கிளப்புக்கு விலைக்கு மாறினால், அந்தத் தொகையில் நூற்றுக்கு ஐந்து பங்கைப் புதிய கிளப் எடுத்துவைத்து, 12 வயது முதல் 23 வயது வரையில் அவரைப் பழக்கிய கிளப்புகளுக்கெல்லாம், எந்தக் கிளப்பில் எத்தனை வருஷம் இருந்தாரோ அந்தக் கணக்குப்படி, பிரித்து அனுப்பவேண்டும்.