முன்னோரைத் தேடுதல் முறையோ?

தம் குடியின் மூலத்தைத் தேடியறிதல் ஆகுமோ, ஆகாதோ என்பது இந்நாளில் பலர் உள்ளத்தில் எழும் வினா. பிறப்பினால் உயர்வும் தாழ்வும் இல்லை என்னும் தம்மத்தைத் தழுவிய நமக்கு இவ்வினா இன்னும் கூர்மையானது. பிறப்பைப் பொருட்படுத்தாதவன் பாட்டன் பெயரை ஏன் தேடவேண்டும்? தேடிக் கண்ட பெயருக்கருகே ஜாதிப்பெயரும் எழுதப்பட்டிருந்தால் அதனை என் செய்வது?

1860-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல், நவம்பர் 16-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அதுமுதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். அவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர். வட ஆற்காடு, செங்கற்பட்டு ஜில்லாக்களின் ஏழை உழவர் அவருள் மிகப் பலர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இடப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம், உடலிலுள்ள வடு ஆகியவை கப்பற் பதிவேட்டில் எழுதப்பட்டன. கரும்புத் தோட்டத்தில் மாண்டவர் பலர்க்கு இவ்வொரு வரியே வாழ்க்கை வரலாறு.

பிற நாட்டாரும் இவ்வாறே தேடுகின்றனர். நார்வே நாட்டினின்று அமெரிக்கா சென்ற மாலுமியின் பேரப்பிள்ளைகள் கோயிற் பதிவேடுகளையும், காவல் துறையார் எழுதிவைத்த குடிபெயர்வோர் ஏடுகளையும் புரட்டுகின்றனர். 1923-ஆம் ஆண்டின் பெயர்ச் சட்டத்துக்கு முன் அந்நாட்டு எளிய மக்களுள் பலர்க்கு நிலையான குடிப்பெயர் இல்லை. தந்தை பெயரும் பண்ணையின் பெயருமே அடையாளம். நம்மவர்க்கும் தந்தை பெயரே அடையாளமாயிருந்தது. ஆயின் நார்வேயின் ஏட்டைப் புரட்டுவோர்க்கு இல்லாத இடர் ஒன்று நமக்கு உண்டு.

சத்தியவேட்டை எடுத்துக்கொள்வோம். டர்பனில் ஒருவர் தம் பாட்டனார் பெயரோடு இவ்வூர்ப் பெயரையும் ஏட்டில் காண்கிறார் என்று கொள்க. ஏட்டின்படி அவர் செங்கற்பட்டு ஜில்லாவில் தேடுவார். ஆனால் 1960 ஏப்ரல் முதல் நாள் ஆந்திர–சென்னை எல்லைகள் மாற்றியமைக்கப்பட்டபோது, திருத்தணி சென்னை இராஜ்யத்துக்கு வந்தது. சத்தியவேடு ஆந்திரத்துக்குச் சென்று சித்தூர் ஜில்லாவில் சேர்ந்தது. 2022 முதல் அது திருப்பதி ஜில்லாவைச் சேர்ந்தது. ஊர் அங்கேயே இருக்க, அதன் மேல்விலாசம் மட்டும் இருமுறை மாறியது.

இவ்விடரைக் கடந்து அவர் ஊரை அடைந்தாலும், அங்கே அவரை எதிர்நோக்கும் முதற் கேள்வி யாது? “நீங்கள் எந்தத் தெரு?” என்பதே. நம் கிராமங்களில் ஊரும் சேரியும் வேறு வேறாய்க் கிடக்கையில், ஜாதியைச் சொல்லாமல் பாட்டனார் வீட்டு வாயிலைக் காண இயலாது. ஜில்லாவின் பெயர் மாறிற்று. இராஜ்யத்தின் பெயர் மாறிற்று. ஏட்டின் அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் இன்றும் ஊரில் பொருள் இருக்கிறது. இது வெட்கத்துக்குரியது. ஆனால் இவ்வெட்கம் யாருடையது என்பதைத் தெளிதல் வேண்டும். பெயரெழுதப்பட்டவனுடையதன்று, அவ்வாறு எழுதியவர்க்கும், அதன்படி தெருவை வகுத்தவர்க்கும் உரியது.

இங்கே இருவகைத் தவறு நேரக்கூடும். ஒன்று, அக்கட்டத்தைக் கண்டு அஞ்சித் தேடலை நிறுத்திவிடுதல். அல்லது பாட்டனார்க்கு வேறொரு குலத்தைப் புனைந்து கூறுதல். அது அம்மனிதரை இரண்டாம் முறையும் நாடு கடத்துவதாகும். மற்றொன்று, அக்கட்டத்தையே அவருடைய உண்மைப் பெயராகக் கொண்டுவிடுதல். பகவன் உரைத்த தெப்பத்தின் உவமையை நாம் அறிவோம். ஆற்றைக் கடக்கத் தெப்பம் வேண்டும். கரையேறியபின் அதைத் தலையில் சுமப்பவன் பேதை. வீடு சேரும்வரை அக்கட்டம் வழிகாட்டட்டும். வாயிலில் அதனை இறக்கிவிடுக.

“நான் என்பதே நிலையற்றது என்னும் தம்மத்தில் முன்னோர்க்கு இடமேது?” என்று சிலர் வினவலாம். நிலையான ஆன்மா இல்லை என்ற பகவன், காரணமின்றி எதுவும் தோன்றாது என்றும் அருளினார். ஒருவர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கரும்பு வெட்டியது ஒரு காரணம். அவர் பேரன் இன்று எழுத்தறிந்து அவர் பெயரைப் படிப்பது அதன் விளைவு. காரணத்தை அறிதல் பற்று ஆகாது. செய்ந்நன்றி அறிதல் என்றே அதற்குப் பெயர்.

1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அயோத்திதாசப் பண்டிதர், 1907 முதல் ‘தமிழன்’ இதழை நடத்தினார். தென்னாப்பிரிக்கா, பர்மா முதலிய நாடுகளிலிருந்த தமிழரும் அதனை வாசித்தனர். மக்கட்கணக்கில் நம்மவர் எப்பெயரால் எழுதப்படுதல் வேண்டும் என்பதை அவர் இடைவிடாது வற்புறுத்தினார். பிறர் எழுதும் ஏட்டில் நம் பெயர் எவ்வாறு நிற்கிறது என்பது சிறு விஷயமன்று என்று அவர் உணர்ந்திருந்தார்.

ஆகவே அன்பர்களே, முன்னோரைத் தேடுதல் முறையே. குலப்பெருமைக்காகத் தேடின் அது மானம் என்னும் கட்டு. நன்றிக்காகத் தேடின் அது அறம். கடல் கடந்து வந்து ஒருவர் நம் ஊரில் தம் பாட்டனார் பெயரைக் கேட்பாராயின், “எந்தத் தெரு?” என்று வினவாதீர். “அவர் பெயர் என்ன? எந்த ஆண்டில் சென்றார்?” என்று கேளுங்கள், உடன் நடந்து தேடுங்கள்.