வயிறும் உண்டியலும்

2025-இல் ரமலான் நோன்பு மார்ச் 2 அன்று இங்கே தொடங்கியது. 5-ஆம் தேதியே கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன். ஏகாதசி, கிருத்திகை என்று பட்டினி பழகிய காஞ்சிபுரத்துக்கு இதையெல்லாம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

விதிகள் வேறுதான். முஸ்லிமுக்கு விடியல் முதல் அந்தி வரை தண்ணீர்கூட இல்லை. கிறிஸ்தவருக்கு ஞாயிறுகள் நீங்கலாக 40 நாள். பெரும்பாலும் கறி, மீனைத் தள்ளிவைப்பார்கள். முன்னிருந்த சமூகங்களுக்கும் நோன்பு விதிக்கப்பட்டிருந்தது என்று குர்ஆனே சொல்கிறது. நோன்பிருப்பவன் முகம் வாடித் திரியாமல், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ளட்டும் என்பது இயேசுவின் பேச்சு. (பட்டினியைப் பறைசாற்றும் நம்மவர்களுக்கும் அது பொருந்தும்.)

மாலையில் பள்ளிவாசலில் பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு சேர்ந்து கொதிக்கும் கஞ்சி, நோன்பு வைக்காதவர் தூக்குவாளியிலும் விழுகிறது. பெருநாள் தொழுகைக்கு முன்பே, வீட்டில் தலைக்குச் சுமார் இரண்டரை கிலோ தானியமோ, அதன் விலையோ ஏழைக்கு ஃபித்ரா என்னும் தர்மமாகப் போய்ச் சேர வேண்டும். கறிக்குச் செலவாகாத காசைத் தவக்கால உண்டியலில் போட்டு ஏழைகளுக்குக் கொடுக்கும் வழக்கம் கத்தோலிக்கக் குடும்பங்களில் உண்டு.